அனந்தாழ்வானின் மண்கூடை

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தில் அமைந்துள்ள திருமலையில், கோயிலின் மகாதுவாரத்தைக் கடப்பவர்கள் சுவரில் உயரே ஒரு கடப்பாரையைக் காணலாம். அது ஓர் அடியவரின் தொண்டை நினைவூட்டுகிறது, அவருடைய பிடிவாதத்தையும்தான்.

அவர் இராமானுஜரின் சீடரான அனந்தாழ்வான். மலையில் தங்கி வேங்கடவனுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் முன்வருவார் என்று ஆசாரியர் கேட்டபோது, குளிருக்கு அஞ்சிப் பிறர் தயங்க, எழுந்து நின்றவர் அவர் ஒருவரே. நந்தவனத்திற்கு நீர் வேண்டி ஏரி வெட்டலானார். அவர் வெட்டிய மண்ணைக் கருவுற்றிருந்த மனைவியார் கூடையில் சுமந்து கொட்டினார். உதவ வந்த சிறுவனை, இத்தொண்டில் பிறருக்குப் பங்கில்லை என்று அனந்தாழ்வான் விரட்டினார். சிறுவனோ அவரறியாமல் அம்மையாரின் கூடையை வாங்கிச் சுமந்தான். கண்டதும் சினந்து அவர் வீசிய கடப்பாரை சிறுவனின் முகவாயில் பட்டது. பின்னர்க் கோயிலில் மூலவரின் முகவாயில் குருதி கசியக் கண்டார் என்பது மரபு. இன்றும் அங்கே பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவது அதன் நினைவாகவே என்பர்.

கடமையுணர்வு, ஒழுங்கு, விடாமுயற்சி ஆகியவற்றை உளவியலார் ஒரே இயல்பின் கூறுகளாகக் கருதுகின்றனர். அவரை மலையேற்றியது அந்த இயல்பே. கூடையைப் பிறர் தொடவிடாமல் தடுத்ததும் அதுவே. சங்கற்பம் அவருடையது, சுமையோ மனைவியாருடையது! இதைச் சாதகன் எளிதில் கடந்துவிடலாகாது.

1975இல் எல்லன் லாங்கர் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள், பிறர் எடுத்துத் தந்த சீட்டைப் பெற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிக விலை கேட்டனர். பரிசு விழும் வாய்ப்பு இரண்டிற்கும் ஒன்றே. 'என் கை பட்டது' என்னும் எண்ணம் மட்டுமே வேறுபாடு. மருமகள் இட்ட திரியை எடுத்து மீண்டும் தாமே இடும் மூதாட்டியும் அதைப் பக்தி என்றே நம்புகிறார்.

இதே அனந்தாழ்வான் தம் பிடியை அடியோடு விட்டதும் உண்டு. நந்தவனத்தில் பாம்பு தீண்டியபோது அவர் மருந்தை நாடவில்லை. வழக்கம்போல் மாலை தொடுத்துக் கொண்டுசென்றார். காரணம் வினவியவர்களுக்கு அவர் கூறிய விடை இது: விஷம் வென்றால் விரசையில் நீராடி வைகுந்தத்தில் தொண்டு செய்யலாம், வெல்லாவிடில் கோனேரியில் நீராடி இங்கேயே செய்யலாம்.