போனை அம்மா கையிலேயே விடுங்கள்

கேள்வி:

என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா காலமான பிறகு சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். போன தீபாவளிக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். வாட்ஸ்அப், யூடியூப், ஜி-பே, கரண்ட் பில் கட்டுவது, பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுப்பது என்று எதையும் விடவில்லை. மறுநாள் கேட்டால் ஒன்றும் ஞாபகம் இல்லை. “எனக்கு எதுக்குடா இதெல்லாம்? பழைய பட்டன் போனே போதும்” என்கிறார். மோசடிச் செய்திகளைப் படித்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

— வாசகர், பெங்களூரு

பதில்:

தாராளமாக முடியும். முதியவர்களுக்கு இணையம் சொல்லித்தரும் வேலையில் இருக்கிறேன். எழுபது தாண்டியவர்கள் கற்றுக்கொள்வதை அன்றாடம் பார்க்கிறேன். உங்கள் அம்மாவின் ஞாபகசக்தியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லித்தரும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் பட்டியலையே பாருங்கள். வாட்ஸ்அப் தினமும் தேவைப்படும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும். உயிர்வாழ் சான்று ஆண்டுக்கு ஒரு தடவை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தால் எது நிற்கும்? ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலை நமக்கே ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆகவே, தினமும் செய்வதைக் கற்றுக்கொடுங்கள். எப்போதாவது செய்வதை நீங்களே செய்துகொடுத்துவிடுங்கள்.

உயிர்வாழ் சான்றுக்கு அம்மா எந்தச் செயலியையும் கற்க வேண்டியதில்லை. நீங்கள் ஊருக்கு வரும்போது உங்கள் போனிலேயே ‘ஜீவன் பிரமாண்’, ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’ ஆகிய இரண்டு செயலிகளையும் போட்டு, அவர் முகத்தைக் கேமராவில் காட்டி முடித்துவிடலாம். ஆதார் எண், பென்ஷன் ஆணையான பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பி.எஃப். பென்ஷன் என்றால் குறிப்பிட்ட மாதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். வர முடியாத ஆண்டில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வந்து செய்துகொடுப்பார்.

முதலில் போனைத் தயார் செய்யுங்கள்

கடையிலிருந்து வந்த நிலையில் இருக்கும் போன் இருபது வயதுக்காரருக்கு ஏற்றது. அம்மாவிடம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் நீங்கள் செலவிட வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்புத் திரையில் நான்கைந்து செயலிப் படங்களை மட்டும் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். திரை தானாக அணையும் நேரம் பெரும்பாலும் 30 நொடியாக இருக்கும். அதை இரண்டு நிமிடம் ஆக்குங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் திரை இருண்டுவிட்டால், ‘நான் எதையோ கெடுத்துட்டேன்’ என்றுதான் அவருக்குத் தோன்றும். திரையைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போகும் முறையை நிறுத்திவிட்டு, அடியில் மூன்று பட்டன்கள் தெரியும் முறைக்கு மாற்றுங்கள். எங்கே சிக்கிக்கொண்டாலும் நடுப் பட்டனை அமுக்கினால் முகப்புத் திரைக்கு வந்துவிடலாம் என்பதுதான் முதல் பாடம். இது கைவந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும்.

விரலையும் கவனியுங்கள். பட்டன் போனில் பழகியவர்கள் நக நுனியால் அழுத்துவார்கள். தொடுதிரைக்கு நகம் தெரியாது, தோல் பட வேண்டும். தோல் வறண்டிருந்தாலும் சில சமயம் திரை கண்டுகொள்ளாது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துக்கொண்டால் சரியாகும். இன்னொன்று, அவர்கள் அழுத்திப் பிடிப்பார்கள். தொட்டு எடுப்பது வேறு, அழுத்திப் பிடிப்பது வேறு என்று போன் நினைக்கிறது. பிடித்தால் வேறு ஏதோ ஒரு பட்டியல் திறக்கும், சில நேரம் படமே முகப்பிலிருந்து காணாமல் போகும். ‘மெதுவா தொடுங்கம்மா’ என்று நூறு தடவை சொல்வதைவிட, செட்டிங்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் இருக்கும் பகுதிக்குப் போய், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கிவிடுவது சுலபம்.

கைரேகைப் பூட்டை நம்ப வேண்டாம். வீட்டுவேலையில் தேய்ந்த ரேகையைப் பல போன்கள் ஏற்பதில்லை. பிறந்த வருடமாக இல்லாத ஒரு ரகசிய எண் போதும்.

அவருக்குப் பிடித்ததில் தொடங்குங்கள்

‘இன்டர்நெட்’ கற்றுக்கொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. போன வருஷ ஆடித்தபசுத் திருவிழாவைத் திரும்பப் பார்க்க ஆசை இருக்கும். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் காலையில் கேட்க ஆசை இருக்கும். நேற்று கரண்ட் போனதால் விட்டுப்போன சீரியலைப் பார்க்க வேண்டியிருக்கும், பேத்தியின் முகம் பார்க்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த ஒன்றுதான் முதல் வாரத்துப் பாடம். வேறு எதுவும் வேண்டாம்.

தட்டச்சு இப்போது தேவையில்லை. யூடியூபில் மைக் படத்தைத் தொட்டு, “சங்கரன்கோவில் ஆடித்தபசு” என்று வாயால் சொன்னால் போதும். திருநெல்வேலித் தமிழைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். புரியாவிட்டால் இன்னொரு தரம் சொல்லலாம். தான் பேசியது திரையில் தமிழ் எழுத்தாக வருவதைப் பார்த்ததும் வகுப்பில் பலர் சிரித்துவிடுவார்கள். அதன் பிறகு அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம்.

இனி, நீங்கள் கடைப்பிடிக்க வேண்டிய கண்டிப்பான விதி. பாடம் நடக்கும்போது போன் அம்மா கையைவிட்டு வரக் கூடாது. ‘இங்க குடும்மா’ என்று வாங்கி, நாலு தட்டு தட்டி, ‘பாத்தியா, அவ்வளவுதான்’ என்று திருப்பிக் கொடுக்கிறோம். பழகியது நம் விரல், அவர் விரல் அல்ல. அவர் தவறான இடத்தைத் தொட்டால் தொடட்டும். எப்படித் திரும்பி வருவது என்பதை வாயால் மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் இருபது நிமிடம், ஒரே ஒரு வேலை. மறுநாள் அதையே மறுபடி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். அதில் அவரே, அவர் கையெழுத்தில், அவர் வார்த்தையில் எழுத வேண்டும். ‘பச்சைப் படம். தம்பி போட்டோ. மேலே கேமரா. காத்திரு.’ வீடியோ கால் செய்ய ஒரு மாணவி எழுதிவைத்திருந்த குறிப்பு இவ்வளவுதான். நீங்கள் அழகாக அச்சடித்துக் கொடுக்கும் பத்துப் பக்கத்தைவிட இது உதவும்.

நீங்கள் பெங்களூர் திரும்பிய பிறகும் பாடம் தொடர வேண்டும். பழைய குடும்பப் படம் ஒன்றை அனுப்பி, “இதுல நீலச் சட்டை போட்டிருக்கிறது யாரும்மா?” என்று கேளுங்கள். மைக்கை அழுத்திப் பிடித்துக் குரலிலேயே பதில் அனுப்புவார். வாரம் இரண்டு நாள் நீங்கள் வீடியோ காலில் கூப்பிடாமல், அவர் கூப்பிடும்வரை பொறுங்கள். பக்கத்துத் தெருவில் அவர் வயதுத் தோழி ஒருவர் போன் பழகியவராக இருந்தால் இருவரையும் சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளிடம் ஒரு சந்தேகத்தை மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்படுபவர்கள், தோழியிடம் பத்து முறை கேட்பார்கள்.

பணம் கடைசியில்

ஜி-பேயை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். வீடியோ காலும் யூடியூபும் கைப்பழக்கமாகி, அவரே ‘காசு அனுப்புறது எப்படி?’ என்று கேட்கட்டும். அப்போதும் பென்ஷன் வரும் கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்க வேண்டாம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மாதச் செலவுக்கு வேண்டிய தொகை மட்டும். 2024-ல் வந்த ‘யு.பி.ஐ. சர்க்கிள்’ இன்னொரு வழி. அம்மா உங்கள் கணக்கிலிருந்தே செலுத்தலாம். ஒவ்வொரு தடவையும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படியும் வைக்கலாம், நீங்கள் குறிக்கும் வரம்புக்குள் அவரே செலுத்தும்படியும் வைக்கலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவர் எழுதிவைக்க வேண்டிய வரிகள் இவை:

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையில்லை. எண்ணைப் போடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள்.

போனில் யாரையும் கைது செய்ய முடியாது. ‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் எதுவுமே இல்லை. வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு யார் வந்தாலும் வைத்துவிடலாம்.

‘இன்று இரவு கரண்டைத் துண்டித்துவிடுவோம்’ என்று வரும் மெசேஜில் உள்ள எண்ணுக்குப் பேசக் கூடாது. பில்லில் சந்தேகம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை, படமாகத் திறக்காமல் எதையோ இன்ஸ்டால் செய்யச் சொன்னால் தொடக் கூடாது.

‘வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று சொல்பவர் திருடர்.

போனில் நீங்கள் செய்துவைக்க வேண்டியவையும் உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி வையுங்கள். தெரிந்தவர் மட்டுமே குழுக்களில் சேர்க்க முடியும்படி மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற வாய்ப்பு உண்டு. படித்தவர்கள், வங்கியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்கூட ஏமாந்திருக்கிறார்கள். அப்படி நடந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். மறைக்கும் நேரத்தில் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வேண்டாம் என்றால்?

எல்லாம் செய்த பிறகும் அம்மா ‘பட்டன் போனே போதும்’ என்றால் விட்டுவிடுங்கள். கரண்ட் பில்லை நீங்கள் பெங்களூரிலிருந்தே கட்டலாம். தபால் நிலையமும் இ-சேவை மையமும் இருக்கின்றன. பட்டன் போனிலேயே பணம் அனுப்பும் ‘யு.பி.ஐ. 123பே’ வசதி 2022 முதல் இருக்கிறது. தெரிந்துகொண்டு மறுப்பது அவர் உரிமை. பயத்தால் மறுக்கிறாரா, விருப்பமில்லாமல் மறுக்கிறாரா என்பதை மட்டும் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். பயம் என்றால் மேலே சொன்னபடி போக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஐந்து பாடத்தையும் பெங்களூரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ‘உனக்கு என்ன பாக்கணும்மா?’ என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன்பாக, இன்று இரவு பேசும்போதே 1930 என்ற எண்ணை எழுதிவைக்கச் சொல்லிவிடுங்கள். பட்டன் போனுக்கும் மோசடிக்காரர்கள் பேசுகிறார்கள்.