நிறமும் கவனமும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நோக்கினால் காவிரிக் கரையின் பசுமையும், ஸ்ரீரங்கத்து இராஜகோபுரத்தின் வண்ணங்களும் கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆனால் எல்லோர் கண்களுக்கும் அவ்வண்ணங்கள் ஒன்றுபோல் தோன்றுவதில்லை. அதன் காரணத்தை இக்கட்டுரையில் காண்போம்.

நம் விழித்திரையில் மூவகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகை இல்லாவிட்டாலோ, மாறி அமைந்தாலோ நிறக்குருடு உண்டாகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் டால்டன் 1794-இல் தம் குறையைத் தாமே ஆராய்ந்து எடுத்துரைத்தார். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவரது கண்ணை 1995-இல் சோதித்தபோது, பச்சை ஒளியை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்பது தெரிந்தது.

சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே; பெண்களுக்கு இரண்டு. ஆகவே இக்குறை ஆண்களிடமே மிகுதி. பெண்களாகிய நாம் குறையின்றி இருந்தும், அதை நம் பிள்ளைகளுக்கு அளிக்கக்கூடும்.

நம் ஊர் இரயில்வே ஊர். பொன்மலைப் பணிமனையின் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். இரயிலை ஓட்டுபவருக்குச் சிவப்பும் பச்சையும் உயிர்காக்கும் நிறங்கள். 1875-இல் சுவீடனில் நிகழ்ந்த இரயில் விபத்துக்கு நிறக்குருடே காரணம் என்று கருதிய ஹோம்கிரென் என்பவர், வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ஒரு சோதனை வகுத்தார். பின்னர் ஜப்பானியரான இஷிஹாரா, புள்ளிகளுக்கிடையே எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளை 1917-இல் வெளியிட்டார். அவை இன்றும் பயன்படுகின்றன.

இனி வேறொரு செய்தி. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு நிலை உள்ள பிள்ளைகளில் சிலர் நீலம், மஞ்சள் சாயல்களைப் பிரிப்பதில் மிகுதியாகத் தவறினர் என 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மூளையில் கவனத்துக்குத் துணைபுரியும் டோப்பமின் என்னும் பொருள் விழித்திரையிலும் வேலை செய்கிறது. அதன் குறைவே காரணமாகலாம் என்பது ஒரு கருத்து. ஆனால் அச்சோதனையில் 85 வண்ண வில்லைகளை வரிசையாக அடுக்க வேண்டும். பொறுமை குன்றினாலும் பிழை வரும் அன்றோ? ஆதலின் இது இன்னும் முடிந்த முடிபன்று. இது பிறவி நிறக்குருடும் அன்று.

இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது. தேசப்படத்தில் பச்சையையும் பழுப்பையும் மாற்றிச் சொல்லும் தம்பியை, "கவனம் இல்லை" என்று கடிந்துகொள்கிறோம். அவன் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே தெரியலாம். கவனம் நிலைக்காத பிள்ளையையோ "சோம்பேறி" என்கிறோம். முன்னவனுக்குக் கண் சோதனையும், பின்னவனுக்கு மருத்துவர் ஆலோசனையும் வேண்டும். இருவருக்கும் ஏச்சு வேண்டா.

பெரியவனாகி வேலைக்கான மருத்துவச் சோதனையில்தான் குறை தெரியவருமானால் எத்தனை ஏமாற்றம்! நம் மாநில மின்வாரியத்தில் நிறக்குறையால் வேலை மறுக்கப்பட்ட பொறியாளர் ஒருவர் உச்சநீதிமன்றம் வரை சென்றார். அவருக்கு ஏற்ற பணி அளிக்க வேண்டுமென 2023-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதே நிறப்பார்வையைச் சோதித்துவிடுங்கள். சில நிமிடங்களே ஆகும். தோழியரே, படத்தில் நிறத்தோடு பெயரையும் எழுதுவோம். கோடுகளை நிறத்தால் மட்டுமன்றி, புள்ளியாலும் கட்டத்தாலும் வேறுபடுத்துவோம். நாம் காண்பதையே பிறரும் காண்பர் என்று எண்ணாதிருப்பதே அறிவின் தொடக்கம்.