ஓர் இடம், இரு பெயர்கள்: கோட்டுருத் தரவும் அதற்கான தரங்களும்

பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்கு மற்றொரு பெயரும் உண்டு. 1894-இல் வெளிவந்த கன்னட–ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜெர்மானியர் பெர்டினாண்ட் கிட்டெலின் நினைவாக அது கிட்டெல் நகர் எனவும் வழங்கப்படுகிறது. மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஓர் அலுவலகப் பதிவேட்டில் ஒரு பெயரும் வேறோர் அலுவலகத்தில் மற்றதும் இருப்பின், கணிப்பொறி அவற்றை இரண்டு இடங்களாகவே கொள்ளும். குடிநீர் இணைப்புகளையும் முதியோர் உதவித்தொகை பெறுவோரையும் ஒருசேரக் கணக்கிடும் அதிகாரிக்கு இது சிறு இடர்ப்பாடன்று. தகுதியுள்ள ஒருவரின் பெயர் விடுபட இதுவே போதும்.

இத்தகைய சிக்கலுக்கு அட்டவணையைவிடக் கோட்டுரு முறை ஏற்றது. இதில் பொருள்கள் முனைகளாகவும் உறவுகள் கோடுகளாகவும் அமைகின்றன. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1736-இல் ஆய்லர் ஆராய்ந்ததிலிருந்தே இக்கணிதம் தொடங்குகிறது எனலாம்.

டபிள்யூ3சி என்னும் உலக வலைக் கூட்டமைப்பு 1999-இல் ஆர்.டி.எப். என்ற தரத்தைப் பரிந்துரைத்தது. இதில் ஒவ்வொரு செய்தியும் மூவுறுப்பு வாக்கியமாகும்: ஆஸ்டின் டவுன் – அமைந்துள்ள நகரம் – பெங்களூரு. இங்கு பெயர் வேறு, அடையாளம் வேறு. இணைய முகவரி வடிவிலான அடையாளம் மாறாது. இரு பெயர்களும், ஒவ்வொன்றின் தமிழ், கன்னட, ஆங்கில வடிவங்களும் மொழிக்குறியுடன் அந்த ஒன்றோடு பிணைக்கப்படும். இத்தரவைத் தேடிப்பெறும் ஸ்பார்க்கிள் வினாமொழி 2008-இலும், தரவு குறித்த வடிவில் உள்ளதா எனச் சோதிக்கும் ஷேக்கல் 2017-இலும் தரங்களாயின. வேறொரு மரபைச் சார்ந்த கோட்டுருத் தரவுத்தளங்களுக்கு ஜி.கியூ.எல். என்ற பன்னாட்டுத் தரம் 2024-இல்தான் வந்தது; அதுவரை கருவியை மாற்றினால் வினாக்களையும் பெரும்பாலும் மாற்றி எழுத நேர்ந்தது.

2012-இல் தொடங்கிய விக்கித்தரவு இம்முறையின் பொதுப் பயன்பாட்டுக்கு நல்ல சான்று. அதில் உறவுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கலாம். 2025-இல் பெங்களூரு மாநகராட்சிக்குப் பதிலாக ஐந்து மாநகராட்சிகள் அமைக்கப்பட்டன. அட்டவணையில் புதியதைப் பதிந்தால் பழையது அழிந்துபோகக்கூடும். கோட்டுருவில் பழைய உறவு முடிவு நாளுடன் நிலைபெறும்.

ஆயினும் இரண்டு அடையாளங்களை ஒன்றே என அறிவிக்கும் வசதியை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். ஆஸ்டின் டவுனும் கிட்டெல் நகரும் ஒன்றே. ஆனால் குடியிருப்பும் அது அடங்கிய வார்டும் ஒன்றல்ல. வார்டின் எல்லை மறுவரையறையில் மாறும். அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தால் வார்டின் மக்கள்தொகை முழுவதும் குடியிருப்பின் கணக்கில் ஏறிவிடும். இணைப்பு சரியா என்பதைத் தெருக்களை அறிந்த களப்பணியாளரே சரிபார்க்க இயலும்.