கொள்கலனில் மீன் தொட்டி

கிள்ளான் துறைமுகத்தில் எஃகுக் கொள்கலன்களை நாம் கண்டிருக்கிறோம். 20 அடிக் கொள்கலன் ஒன்றைப் பெரிய மீன் தொட்டியாக்கலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

1 கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். கொள்கலனில் 2 மீட்டர் உயரம் நீர் நிரப்பின் எடை ஏறத்தாழ 28 டன். நீர் பக்கங்களையும் அழுத்தும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். நீண்ட சுவர் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 12 டன் எடைக்கு நிகரான விசை தள்ளும். மெல்லிய தகடு பிதுங்கிவிடும். ஆகவே சுவருக்கு எஃகுச் சட்டமும், அடியில் கான்கிரீட் தளமும், உள்ளே துருத்தடுப்புப் பூச்சும் வேண்டும். பூச்சிமருந்து ஊட்டிய பலகைத் தரை மீன்களுக்கு நஞ்சாகும். அதனை அகற்றுதல் வேண்டும்.

செந்தூல் அடுக்குமாடி வீட்டுக்கும் இக்கணக்குப் பொருந்தும். 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள சிறு தொட்டியின் நீரே 250 கிலோகிராம்! மாணவச் செல்வங்களே, நீர் ஊற்றுமுன் எடையைக் கணக்கிடுவோம்.