கூழ் எப்போது, கூத்து எங்கே: கள்ளக்குறிச்சிக்கு வருபவர்களுக்கு

கள்ளக்குறிச்சிக்கு வந்து நல்ல சாப்பாடு, காபி, பாட்டு தேடுபவர்கள் முதலில் கேட்பது கடைப்பெயர். தடுமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. சேலம்–உளுந்தூர்பேட்டை நான்குவழிச் சாலையில் வருபவர் கண்ணில் படுவது வண்டி நிறுத்த இடம் உள்ள பெரிய ஓட்டல்கள். கைபேசியும் அவற்றையே முன்னால் காட்டும். அங்கே சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் அதே சாப்பாடு திண்டிவனத்திலும் கிடைக்கும், ஆத்தூரிலும் கிடைக்கும். இந்த மாவட்டத்துக்கு உரியவை ஓரிடத்தில் நிலையாக நிற்பவை அல்ல. கூழ் வண்டி கோடையில் முளைத்து, மதியத்துக்குள் மறைந்துவிடும். ஒரு கிராமத்தில் பாரதக் கூத்து நடப்பது வருஷத்துக்குச் சில இரவுகள்தான். கல்வராயன் மலையில் புதுச்சாமை களத்துக்கு வருவது மழைக்காலம் ஓயும்போது. ஆகவே இங்கே வருபவர் முதலில் தேட வேண்டியது நேரத்தை. மாதமும் மணியும் சரியாக அமைந்தால் இடத்தை ஊர்க்காரர்களே காட்டிவிடுவார்கள். கடைப்பெயர் எதையும் நான் சொல்லாததும் இதனால்தான். மாஸ்டர் மாறினால் கடையின் கைப்பக்குவமும் போய்விடும். காலை ஏழு மணிக்குப் பொங்கல் நன்றாக இருக்கும் கடையில் இரவு எட்டு மணிக்குப் பரோட்டாவும் நன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டு நாள் லீவில் வருபவர் பருவத்துக்குக் காத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். காத்திருக்கத் தேவையில்லை. கையில் இருக்கும் மாதத்துக்கு என்ன உண்டோ அதைத் தேடினால் போதும். தைப் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் கரும்பு வட்டாரங்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் புகையும். கொப்பரையிலிருந்து இறக்கிய சூட்டில் கிடைக்கும் வெல்லத்தைத் தின்ற பிறகு கடை வெல்லம் பிடிக்காது. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை, பம்பையும் உடுக்கையும் அன்றைக்குத்தான் முழு வீச்சில் கேட்கும். பங்குனியிலிருந்து கூத்து. ஆடியில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள்: கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சில ஊர்களில் கருவாட்டுக் குழம்பு. போய் நின்றால் போதும், யார் என்று கேட்காமல் ஊற்றுவார்கள். பாத்திரம் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். மார்கழியில் விடியுமுன் பெருமாள் கோயில் தெருக்களில் பஜனை. ஞானானந்த தபோவனம் இருக்கும் திருக்கோவிலூர் நாமசங்கீர்த்தனத்துக்குப் பேர்போன ஊர், அதனால் அந்த மாதத்துக்கு அதைத்தான் நான் முதலில் சொல்வேன். புரட்டாசி மட்டும் கொஞ்சம் வறட்சி. வேறு வேலையாக வந்தால் வாருங்கள்.

காபியை விரைவாகச் சொல்லிவிடலாம். இது டீ ஊர். பாய்லர் நாள் முழுக்கக் கொதிப்பது டீக்காக; காபி குறைவாகப் போவதால் டிகாக்‌ஷன் தேங்கி நிற்கும். விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரையும், பிற்பகல் மூன்றரைக்கு மேல் ஒரு மணி நேரமும்தான் புது டிகாக்‌ஷன் இறங்கும் வேளைகள். பதினொரு மணிக்குக் காபி கேட்டால் காலையில் இறக்கியதைத் தருவார்கள், இல்லையென்றால் தூளைக் கலக்கித் தருவார்கள். உட்காருமுன் “பில்டரா, இன்ஸ்டன்டா” என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம், அப்படியானால் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருந்தாலும் அது சட்டப்படி சரியான தூள்தான். கறுப்பாக, கெட்டியாக இருப்பதை மட்டும் வைத்து நல்ல காபி என்று முடிவுகட்ட வேண்டாம். காகிதக் கோப்பையில் காபி குடிக்கவே கூடாது, கண்ணாடி டம்ளர் கேளுங்கள். மலைமேல் போனால் காபியை மறந்துவிட்டு டீ குடியுங்கள்.

ஊர்ச் சாப்பாட்டுக்கும் இதே கணக்கு. காலை டிபனுக்கு ஏழரைக்குள், மெஸ் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள், வடை போண்டாவுக்கு நாலு மணிக்கு, பரோட்டாவுக்கு இரவு எட்டுக்கு மேல். கம்மங்கூழ் என்றால் கோடையில் பத்து மணிக்கு மேல், வெயில் உச்சிக்கு ஏறுமுன். மோர்மிளகாயும் மாங்காயும் தீர்ந்த வண்டியில் குடிப்பதில் பயனில்லை.

கூத்துதான் கடினம். பலர் தோற்றுப்போவதும் இங்கேதான். திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவுக்குச் செஞ்சி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரம் ஒரு தாய்மடி. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெரிய நூல் செஞ்சியை மையமாக வைத்தே தொடங்குகிறது. அப்படிப்பட்ட வட்டாரத்துக்கு வந்தும் பலர் கூத்து பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம், அதைக் கச்சேரி போல நினைத்து அரங்கத்தையும் டிக்கெட்டையும் தேடுவதுதான். கூத்துக்கு அரங்கம் தெருவும் கோயில் திடலும். விளம்பரம் சுவரொட்டியும் நோட்டீஸும் மட்டும். பங்குனி முதல் ஆனி வரை பஸ் நிலையச் சுவர், டீக்கடைப் பக்கம், சலூன் கண்ணாடி ஆகிய மூன்றையும் பாருங்கள். நோட்டீஸில் கோயில், நாடக மன்றத்தின் பெயர், எந்த இரவில் எந்தக் கதை என்று வரிசையாக இருக்கும். கிடைக்கவில்லை என்றால் டீக்கடையில் பெரியவர் ஒருவரிடம் “தாத்தா, பக்கத்துல எந்த ஊர்ல பாரதம் நடக்குது?” என்று கேளுங்கள். “தெருக்கூத்து” என்று கேட்பதைவிட “பாரதம்”, “நாடகம்” என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். அந்த ஜமா, அதாவது கூத்துக் குழு, எப்படி என்றும் சேர்த்துக் கேளுங்கள். இந்த விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் கறாரான ரசிகர்கள், ஜமாவின் வாத்தியார் பெயரைச் சொன்னதுமே முகத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது எந்த இரவு என்ற தேர்வு. பிற்பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதம் சொல்லுவார். கதை கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகு இரவுக் கூத்துகள் தொடங்கும். முதல்முறை பார்ப்பவருக்குத் துகிலுரிதல் அல்லது கர்ண மோட்சம் என்பதே என் விதி. கதை தெரிந்திருப்பதால் வசனம் புரியாத இடத்திலும் பாட்டின் மேல் காது நிற்கும். அர்ச்சுனன் தபசு பார்க்க அருமை: நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பதினெட்டாம் போர் உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு. அன்றைய இரவுக் கூத்து விடிந்தும் முடியாது. மண்ணால் செய்து கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம், சாயங்காலம் தீமிதி என்று ஒரு முழுநாளை அது எடுத்துக்கொள்ளும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூவாகத்தில் நடக்கும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து திருநங்கைகள் வருகிறார்கள்; கட்டாயம் காண வேண்டிய விழாதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று இசையைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. அவர்கள் தாலி அறுத்து அழும் காலைப்பொழுதில் யார் முகத்துக்கு நேராகவும், கேட்காமல், கேமராவை நீட்டாதீர்கள்.

எவ்வளவு சொன்னாலும் பலர் கேட்காத ஒன்று நேரம். கூத்து இரவு பத்துக்குத் தொடங்கும், பதினொன்றரைக்குள் வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். அதுவரை அவர்கள் பார்த்தது கோமாளியான கட்டியங்காரனையும் முன்வேடங்களையும் மட்டும். திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு முக்கிய வேடம் வெளிப்படவே நள்ளிரவாகிவிடும். ஒரு மணிக்கு மேல் நாலு மணி வரைதான் கூத்தின் உயிர். குரல் சூடேறியிருக்கும், மத்தளமும் முகவீணையும் ஒன்றையொன்று துரத்தும், தூங்கிப்போன குழந்தைகள் எழுந்து உட்காருவார்கள். ஆகவே சாயங்காலமே தூங்கிவிட்டு, பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு பதினொன்றுக்குப் போனாலும் தாழ்வில்லை. ஒலிபெருக்கிக் குழாயை விட்டு விலகி, ஆர்மோனியக்காரருக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். முகவீணையின் சன்னமான ஒலி அங்கேதான் கருவியிலிருந்து நேராக வரும். திடலைச் சுற்றி அன்றிரவு முளைக்கும் கடைகளின் சுக்குக் காபியும் பஜ்ஜியும் மூன்று மணிக்குத் தரும் சுகத்தை எந்த ஓட்டலும் தராது. கிளம்புமுன் முடிந்த பணத்தைக் கொடுங்கள். கட்டியங்காரன் உங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்து அறிவிப்பார்.

இது வழிபாடு அல்லவா, வேடிக்கை பார்க்கப் போகலாமா என்ற தயக்கம் நியாயமானது. நடுத்தெருவில், வருகிறவரெல்லாம் பார்க்கட்டும் என்று நடத்தப்படுவது கூத்து. செருப்பைக் கழற்றும் இடத்தில் கழற்றி, சாமி வந்து ஆடுபவரைப் படமெடுக்காமல் இருந்தால் யாரும் தடுப்பதில்லை. இதைவிடக் கனமான கேள்வி வேறு ஒன்று. எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் இந்தக் கோயில்கள் எல்லா ஊரிலும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விடாத தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கலை பார்க்கப் போகிறவருக்கு இதில் என்ன என்று ஒதுங்கிவிட முடியாது என்பது என் கருத்து. நோட்டீஸ் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த விழாவில் காலனிக்காரர்களும் சேர்ந்து நிற்கிறார்களா என்று விசாரியுங்கள். உங்கள் பாயைச் சேர்ந்து நிற்கும் ஊரில் விரியுங்கள்.

மலைச் சாப்பாட்டுக்கு ஒருநாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்து நன்னனிடம் போகும் கூத்தருக்கு, எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் வழி சொல்கிறது. அந்தச் செங்கம் கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிறது. கூத்தும் சோறும் ஒரே வழியில் கிடைக்கும் நிலம் இது என்பது பழைய சேதி. ஆனால் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தாரர்களின் பிடியில் இருந்தது. சாலையும் கடைத்தெருவும் தாமதமாகவே வந்தன. அதனால் மலையாளி பழங்குடியினரின் சமையல் இன்றும் வீட்டுச் சமையல்தான். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறியதும் பரோட்டாக் கடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். டீக்கடையில், சமைத்துத் தரும் வீடு எது என்று கேட்டு, தலைக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்துவிட்டு மறுநாள் வாருங்கள். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, மொச்சை அல்லது அவரைக் குழம்பு, கீரை: இதற்கு மேல் பட்டியல் நீட்டாதீர்கள். ஏழை வீட்டில் போய்ச் சாப்பாடு கேட்பது முறையா என்றால், விலை பேசாமல் விருந்தாளியாகப் போவதுதான் முறையற்றது. அவித்த மரவள்ளிக் கிழங்கு வாங்கினால் சாப்பாட்டுக் கிழங்கா, மில்லுக் கிழங்கா என்று கேளுங்கள். சின்னசேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் ரகங்களில் கசப்பு இருக்கும். சாமை, தேன், கடுக்காய், புளி ஆகியவற்றை வீட்டு வாசலில் பேரம் பேசி வாங்குவதைவிட, லேம்ப் சொசைட்டி எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு வாங்குவது இருவருக்கும் நல்லது. தீட்டாத சாமை சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும், ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

யாருக்கும் தெரியாத இடம் ஒன்று காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிட்டால், அது மலையானாலும் ஊரானாலும், போகாதீர்கள்; அங்கே ஊற்றுவது கள்ளச்சாராயமாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலை மணத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவருக்குக் கண் மங்கினால் தூங்கவைத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. ஊரறிந்த இடத்தில், ஊரார் நடுவில் கிடைப்பதையே சாப்பிடுங்கள், குடியுங்கள்.

மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே கண்டக்டரிடம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாதவர் அந்த வளைவுகளில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டக் கூடாது. அன்றிரவே கூத்தும் பார்ப்பதாக இருந்தால் மதியச் சாப்பாட்டை முடித்து மூன்று மணிக்குள் இறங்கி, கள்ளக்குறிச்சியில் அறை எடுத்து, புது டிகாக்‌ஷனில் ஒரு காபி குடித்துவிட்டு ஆறிலிருந்து ஒன்பதரை வரை தூங்குங்கள். கூத்து நடக்கும் ஊரிலிருந்து காலையில் முதல் பஸ் எப்போது என்பதையும் அதற்குள் விசாரித்து வையுங்கள். பெரும்பாலும் கூத்து முடிவதற்கும் அதற்கும் இடையே ஒரு டீக்கு நேரம் இருக்கும்.