மணப்பேச்சும் இரத்தப் பரிசோதனையும்

மணப்பேச்சு என்று வந்துவிட்டால் நம்மவர் எதைத்தான் விசாரிப்பதில்லை! மாப்பிள்ளைக்குக் கடையில் பங்கு எவ்வளவு, ஊரில் வீடு உண்டா, பெண்ணின் ஓதல் எப்படி என்று துருவித் துருவிக் கேட்கிறோம். இருவர் உடலிலும் ஓடும் இரத்தத்தைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. பினாங்கில் வாழும் நமக்கு அவ்விசாரணை மிக அவசியம். காரணம், தலசீமியா என்னும் பரம்பரை நோய்.

இரத்தத்திற்குச் செந்நிறம் தருவதும் பிராணவாயுவைச் சுமப்பதும் ஹீமோகுளோபின். அதன் ஒரு முக்கிய பாகத்தை ஆக்கும் மரபணு தந்தை வழி ஒன்றும் தாய் வழி ஒன்றுமாக நம்மிடம் இரு பிரதிகள் உண்டு. ஒரே கணக்கை இரண்டு பேரேடுகளில் எழுதி வைத்தாற்போல. ஒன்று பழுதானாலும் மற்றதைக் கொண்டு கடை நடக்கும். இப்படி ஒரு பிரதி மட்டும் பழுதுற்றவரைச் 'சுமப்பவர்' என்பர். அவர் நோயாளியல்லர்; உழைப்பார், முதுமையும் காண்பார். சற்று இரத்தம் குன்றியிருப்பதால் இரும்புச் சத்துக் குறைவென்று கருதி, வீணே மாத்திரை விழுங்குவோரும் உண்டு. மலேசியாவில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் சுமப்பவர் என்று மதிப்பிடுகின்றனர்.

சுமப்பவர் இருவர் மணந்தால்தான் வில்லங்கம். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இரண்டு பழுதும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 'ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை' என்று கணக்குப் போடுவது தவறு. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

கடும் தலசீமியா கண்ட குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வயதிற்குள் வெளுத்துச் சோரும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்திற்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும் பிறர் இரத்தம் ஏற்றவேண்டும். ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடலில் தங்கும். அது இருதயத்திலும் ஈரலிலும் படிந்து கேடு செய்யும். முன்பெல்லாம் அதை வெளியேற்ற இரவுதோறும் எட்டு மணி நேரத்திற்கு மேல் தோலடியில் ஊசி மருந்து செலுத்துவதே வழி. இப்பொழுது வாய்வழி மருந்துகளும் வந்துவிட்டன.

மலேரியா மிகுந்திருந்த நாடுகளிலேயே இப்பழுது பரவிக் கிடப்பது ஏன்? சுமப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதே காரணம் எனப் பேரறிஞர் ஹால்டேன் 1949-இல் கருத்துரைத்தார். இவர் 1957-இல் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானவர்.

இனி உறவு மணத்திற்கு வருவோம். கடையநல்லூர், நாகூர், இராமநாதபுரம் என எவ்வூரிலிருந்து வந்தவராயினும், மாமன் மகள், மாமி மகன் மணம் நமக்குப் புதிதன்று. மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஆனால் மாமன் பிள்ளையும் மாமி பிள்ளையும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றிருப்பர். ஆகவே ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். பிறவிக் குறை பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு என்றால், இத்தகைய மணத்தில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் மறைக்கலாகாது.

'அப்படியானால் வெளியில் பெண் கொண்டால் தீர்ந்தது' என்பீர்கள். தீராது! மலாய் மக்களிடையே ஹீமோகுளோபின் 'ஈ' என்னும் வேறொரு மாற்றம் மிகுதி. இப்பினாங்கில் நம்மவர் மலாய்க் குடும்பங்களோடு சம்பந்தம் செய்வது தலைமுறை தலைமுறையாய் நடப்பது. ஒருவரிடம் தலசீமியாப் பழுதும் மற்றவரிடம் 'ஈ' மாற்றமும் இருந்து இரண்டும் பிள்ளையில் கூடினால், அதுவும் இரத்தம் ஏற்றும் நிலைக்குக் கொண்டுபோய் விடலாம். ஆகவே உறவா அந்நியமா என்பதைவிட, பரிசோதனை செய்தாயிற்றா என்பதே கேள்வி.

இன்னொன்று மனத்தை வருத்துவது: நோயுள்ள பிள்ளை பிறந்தால் பழி மருமகள் தலையில் விழுகிறது. இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் இந்நோய்; அதில் ஒன்றைத் தந்தவர் தகப்பனார் அல்லவா? சுமப்பவர் என்று தெரிந்த பெண்ணை ஒதுக்குவதும் அறியாமையே. சுமக்காத ஒருவரை அவள் மணந்தால் கடும் நோய்க்கு இடமில்லை.

இரத்தப் பரிசோதனைக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்தை அணுகலாம். பள்ளியில் நான்காம் படிவ மாணவர்க்கு இச்சோதனையை 2016 முதல் அரசு நடத்தத் தொடங்கியது. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். அந்தத் தாள் வீட்டிற்கு வந்தால், கடை அலுவலில் மறந்து மேசை அறையில் போட்டுவிடாதீர்கள்.