சூரியத் தகடும் சீதோஷ்ணமும்

பம்புசெட்டிற்குச் சோலார் பேனல் எனப்படும் சூரியத் தகடு வாங்கும் விவசாயிகள், விலையுடன் தங்கள் கிராமத்துச் சீதோஷ்ணத்தையும் ஆராய்தல் அவசியம்.

தகட்டிற் குறித்துள்ள சக்தி, அதன் உஷ்ணம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கையில் கிடைப்பதாகும். கோடை நடுப்பகலில் அது 65 டிகிரி வரை ஏறுவதுண்டு. சிலிக்கான் தகட்டில் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவிகிதம் குறைகிறபடியால், 100 பங்கில் 84 பங்கே கிட்டும். பயிர் நீருக்கு ஏங்கும் காலத்திலேயே இந்நஷ்டம் நேரிடுகிறது. காட்மியம் டெலுரைடுத் தகட்டில் இது சற்றுக் கம்மி. ஆனால் இடம் அதிகம் வேண்டும்.

இக்குறைவு தகடு குளிர்ந்ததும் நீங்கும். நீங்காத குறைவும் உண்டு. ஓயாத உஷ்ணத்தால் கண்ணாடிக்கடியிலுள்ள பிளாஸ்டிக் படலம் மஞ்சளித்து ஒளியை மறைக்கும். பகற்சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்குவதால் பற்றவைப்புகள் விரிசல் காணும். கடலோரத்திலோ உப்பு ஈரம் உட்புகுந்து உலோகத்தை அரிக்கும்.

ஆகையால், உள்நாட்டார் தகட்டினடியிற் காற்றோட இடம் விடுக. கடலோரத்தார் இருபுறமும் கண்ணாடியுள்ளதும், உப்புக்காற்றுச் சோதனையில் தேறியதுமான தகட்டையே கேட்டு வாங்குக. யாவரும் வெயிலேறுமுன் நல்ல நீரால் தூசியைக் கழுவுக. ஆண்டுதோறும் அதே மாதத்தில், மேகமற்ற நடுப்பகலில், மின்சார அளவைக் குறித்து வைத்தல் நன்று. வழக்கமாக அளிக்கப்படும் 25 ஆண்டு உத்தரவாதத்தைக் கோருங்கால் அக்குறிப்பு சாட்சியாகும். கிராம அலுவலர்களும் இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பார்களாக.